பாதித் திரை அம்பு

விண்வெளி விளையாட்டு ஒன்றில் வெள்ளை அம்பு ஒன்று இருந்தது. விண்கலத்துக்கு நிலையம் இருக்கும் திசையைக் காட்டுவதுதான் அதன் வேலை. ஆனால் நட்சத்திரக் கூட்டத்தில் அது தனியாகத் தெரியாததால், விண்கலம் மூன்று முறை வழி தவறிப் போனது.

"இந்தத் தடவை விடமாட்டேன்!" என்று அம்பு பச்சை நிறத்துக்கு மாறியது. அதுவும் போதாதென்று, பாதித் திரைக்கு வளர்ந்து பளிச் பளிச்சென்று மின்னியது. அதையே பார்த்துக்கொண்டு பறந்த விண்கலம் ஒரு பாறையில் மோதிச் சிதறியது.

ஆட்டம் மறுபடி தொடங்குவதற்குள் அம்பு பாறையிடம் சண்டைக்குப் போனது. "எதுக்குய்யா குறுக்கே வந்தே?"

"நான் எங்கே வந்தேன்? இருந்த இடத்துலதான் இருக்கேன். நீதான் என்னை மறைச்சுக்கிட்டு நின்னே."

அம்புக்குச் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, பச்சையை மட்டும் விடாமல், நகக்கண் அளவுக்குச் சுருங்கித் திரையின் ஓரமாக ஒதுங்கியது.

இம்முறை விண்கலம் ஒரு கீறல்கூட இல்லாமல் நிலையத்தில் இறங்கியது.

"பாத்தியா? யாரும் வழி காட்டாம நானே வந்து சேர்ந்துட்டேன்!" என்று விண்கலம் நிலையத்திடம் பீற்றிக்கொண்டது.

அம்பு அதே நகக்கண் அளவிலேயே அடுத்த பயணத்தின் திசைக்குத் திரும்பி நின்றது.