கை நடுக்கம்

"என் கை சர்ஜரிக்கு ஒத்துவருமான்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கிறது?"

கேட்டவள் அமுதவல்லி. எம்பிபிஎஸ் கடைசி வருஷப் பயிற்சியில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன். இரண்டாவது வரிசையில் எழுந்து நின்று, மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மேடையில் இருந்த டாக்டர் கலைவாணி சிரித்தாள்.

எம்பிபிஎஸ் முடிக்கப்போகிறவர்கள் அடுத்து என்ன படிக்கலாம் என்று யோசனை சொல்லும் கூட்டம் அது. உப்பளம் பகுதியில் ஒரு ஹாலைப் பிடித்து, அதே கல்லூரியில் முன்பு படித்தவர்களைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நெல்லித்தோப்புப் பகுதியில் தோல் மருத்துவம் பார்க்கும் கலைவாணியும் அப்படி வந்தவள்தான்.

இந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது.

"நமக்கா அது தெரியாதும்மா. பக்கத்துல நின்னு நம்ம கையைப் பார்த்தவங்க உண்மையச் சொல்லணும். எனக்கு எங்க மேடம் சொன்னாங்க. அன்னைக்கு ரொம்ப வலிச்சுது. ஆனா அவங்க சொல்லாம இருந்திருந்தா, என் கையால யார் உயிராவது போயிருக்கும்."

முன்வரிசையில் இருந்த செல்வாம்பாள் மேடத்தைக் கும்பிட்டாள். சர்ஜரி பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கை தட்டினார்கள்.

கலைவாணிக்கு ஒருகாலத்தில் சர்ஜரி என்றால் உயிர். ஹவுஸ் சர்ஜனாக இருந்த வருஷம் முழுக்க மேடத்தின் பின்னாலேயே சுற்றினாள். டூட்டி இல்லாத நாளிலும் ஆபரேஷன் தியேட்டரில் போய் நிற்பாள். வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா, வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் "எம் பொண்ணு ஆபரேஷன் டாக்டராவப் போவுது" என்று சொல்லித் திரிந்தார்.

மேற்படிப்புக்கு இடம் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரத்தில்தான் மேடம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கத்தியைப் பிடித்தால் உன் கை நடுங்குது, சர்ஜரி வேண்டாம்மா என்றார்.

நடுங்குவது அவளுக்கே தெரியாது. ஆனால் சொன்னது மேடம்.

அதன் பிறகு நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது. யாராவது காபி டம்ளரை நீட்டினால்கூட அவள் தன் விரல்களைத்தான் பார்ப்பாள்.

டீ இடைவேளையில் மேடத்திடம் போய்க் காலைத் தொட்டாள். மேடம் அவளைத் தூக்கி நிறுத்தினார்.

"பெருமையெல்லாம் எனக்கெதுக்குடி? உன் கை நடுங்கி நான் ஒரு நாளும் பார்த்ததில்ல. நீதான ஹரிகிட்ட சொல்லியனுப்புன?"

"நான் என்ன மேடம் சொல்லியனுப்புனேன்?"

மேடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் கூடப் படித்த ஹரிகிருஷ்ணன் ஒருநாள் வீட்டுக்கே வந்தானாம். கலைக்குக் கை நடுங்குது மேடம், பயத்துல தூங்கவே மாட்டேங்கிறா, உங்ககிட்ட சொல்லக் கூச்சப்படறா, நீங்களே பார்த்துச் சொன்ன மாதிரி சொல்லிடுங்க, என் பேரு மட்டும் வேணாம் என்று கெஞ்சினானாம். பாவம், எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டாராம்.



அந்த வருஷம் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு சர்ஜரியில் மீதி இருந்தது ஒரே இடம். ரேங்கில் அவள் முன்னால் இருந்தாள். அவளுக்கு அடுத்தது ஹரி.

மேடம் வேண்டாமென்று சொன்ன அன்று அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனதும் அவன்தான். பாறையில் உட்கார்ந்து அவள் அழுதபோது அவனும் அழுதான். மேடம் சொன்னா சரியாத்தான் இருக்கும் கலை, மனச விட்டுடாத என்றான். அவன் அழுததைப் பார்த்துத்தான் அவளுக்கு அவனைப் பிடித்துப்போனது.

"ஏண்டி, நீ சொல்லியனுப்பலியா?" என்றார் மேடம். அவர் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

அதற்குள் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கலைவாணி முன்வரிசையில் மேடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அடுத்துப் பேச வந்தவன் சர்ஜன் ஹரிகிருஷ்ணன். மைக்கைச் சரிசெய்துகொண்டு கூட்டத்தில் யாரையோ தேடினான். கலைவாணியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"இன்னைக்கு நான் சர்ஜனா உங்க முன்னாடி நிக்கிறேன்னா அதுக்கு ஒரே ஒருத்தர்தான் காரணம். என் மனைவி, டாக்டர் கலைவாணி."

ஹால் முழுக்கக் கை தட்டியது. எழுந்திரு என்று அவன் மேடையிலிருந்து ஜாடை காட்டினான்.

அவள் எழுந்தாள்.

கைதட்டல் ஓய்ந்தது. பிறகும் அவள் உட்காரவில்லை.