சிதறால் ஏத்தத்துப் பஞ்சர்

"இந்த யேசுதாசனைக் கூட்டிக்கிட்டுப் போனா சிதறால் என்னவே, இன்னா இருக்க இரணியலுக்குக்கூடப் போய்ச் சேர முடியாது!"

செல்வதாஸ் மேசையில் தட்டிய தட்டில் மூன்று தம்ளர் காப்பியும் தளும்பியது.

தக்கலை மீரா முகைதீன் காப்பிக்கடையில் ஞாயிறு சாயங்காலம் என்றால் சைக்கிள் கதைதான். 1934-இல் சொந்தமாக ஒரு சைக்கிள் வைத்திருப்பதே பெரிய பவிசு. அதிலும் ஒரு காரியமும் இல்லாமல், சும்மா மிதிப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் தக்கலையில் மூன்றே பேர். கோர்ட்டு குமாஸ்தா செல்வதாஸ், ஜவுளிக்கடை சேக் முகம்மது, மிஷன் பள்ளிக்கூட டிராயிங் மாஸ்டர் யேசுதாசன். இவர்கள் போய்வந்த கதையைக் கேட்பதற்கென்றே கடையில் கூட்டம் சேரும்.

அதற்குள் சேக் முகம்மது குறுக்கே புகுந்து தன் கதையைச் சொன்னார். அழகியமண்டபத்தில் ஒரு நாய் அவருடைய வேட்டியைக் கவ்வ, அவர் விடாமல் மிதிக்க, கடைசியில் வேட்டி நாய்க்கா அவருக்கா என்கிற நிலைமை வந்த கதை. கடையே உருண்டு சிரித்தது.

"நாயாவது பரவாயில்லவே," என்றார் செல்வதாஸ். "நம்ம கதையக் கேளும். சிதறால் மலை ஏத்தம். நான்தான் முன்னால. பாதி ஏறியாச்சு. இன்னும் கொஞ்சம் மிதிச்சா உச்சி. அப்பப் பாத்து பின்னால இருந்து ஒரு சத்தம், 'அண்ணே, பஞ்சர்!'"

மறுபடியும் சிரிப்பு. யேசுதாசனும் சேர்ந்து சிரித்தான்.

ஒருத்தருக்குப் பஞ்சர் என்றால் மூன்று பேரும் இறங்கி நிற்க வேண்டும் என்று அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. யேசுதாசன்தான் சொல்லி வைத்தான். பஞ்சர் ஆனதும், "நீங்க மரத்தடியில உக்காருங்கண்ணே, நான் ஒட்டிட்டு வாறேன்" என்று சைக்கிளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடுவான்.

"போன மாசம் திருவட்டாறு போனோம். அங்கயும் ஏத்தம், அங்கயும் பஞ்சர். இறக்கத்துல இவனுக்குப் பஞ்சரே ஆகாது, கேட்டீரா! நாட்டுல உள்ள முள்ளு பூரா ஏத்தத்துலதான் முளைக்கும் போல!"

"மாஸ்டருக்க டயருக்கு ஏத்தம்னா பயம்வே," என்றார் சேக் முகம்மது.

செல்வதாஸுக்கு வேகம் ஏறிவிட்டது.

"இனி அந்தப் பழைய சட்டமெல்லாம் கிடையாது. பஞ்சர் ஆனவன வழியில விட்டுட்டு மத்தவன் போவான். அடுத்த ஞாயிறு மறுபடியும் சிதறால். அன்னைக்கும் உனக்குப் பஞ்சர் ஆச்சுன்னா பெறவு நீ எங்ககூட வரவே வேண்டாம். என்னலே சொல்லுத?"

யேசுதாசனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. வாரம் முழுக்க அவன் காத்துக்கிடப்பதே இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான்.

"சரிண்ணே," என்றான் தலையைச் சொறிந்துகொண்டு. "இனி எனக்குப் பஞ்சர் ஆகாது."

"அதெப்படிடே ஆகாம இருக்கும்?"

"பாத்துக்கிடுதேன்."

அடுத்த ஞாயிறு சமதரை முழுக்கச் செல்வதாஸ் பாட்டுப் பாடிக்கொண்டே மிதித்தார். சிதறால் ஏற்றம் வந்ததும் பாட்டு நின்றது. பாதி ஏற்றத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. காது அடைத்தது.

வழக்கமாக 'பஞ்சர்!' என்று சத்தம் வரும் அயனிமரம் வந்தது. சத்தம் வரவில்லை. மரம் பின்னால் போனது. அப்போதும் வரவில்லை.

"ஏலே யேசுதாசா... டயர் எப்பிடிடே இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்குண்ணே!"

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேண்ணே!"

இறங்கித் தள்ளலாம்தான். ஆனால் சேக் முகம்மதுவின் வாய் சும்மா இருக்குமா? இருட்டுவதற்குள் தக்கலை முழுக்க மானம் கப்பலேறிவிடும். மானமா மூச்சா என்று யோசிக்கவும் கொஞ்சம் மூச்சு வேண்டுமே!

அடுத்த வளைவு திரும்பியதும், பின்னால் வருகிறவர்கள் கண்ணில் படுவதற்குள் செல்வதாஸ் குதித்து இறங்கினார். பின்சக்கரத்து வால்வைத் திருகிவிட்டார். புஸ்ஸென்று காற்று இறங்கியது.

"பஞ்சர்!"

வந்து பார்த்த சேக் முகம்மதுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சட்டம் போட்டவருக்கே பஞ்சரா! அப்போ வழியில விட்டுட்டுப் போகணும்லா ஓய்?" என்று மணியடித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

யேசுதாசன் போகவில்லை. சைக்கிளை விட்டு இறங்கினான்.

"நீங்க மரத்தடியில உக்காருங்கண்ணே. நான் பாத்துக்கிடுதேன்."

செல்வதாஸ் தொப்பென்று உட்கார்ந்தார். மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது. டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கினால் ஒரு குமிழிகூட வராதே! ஓட்டையே இல்லை என்று தெரிந்துவிடுமே! இவனை எவ்வளவு பேச்சுப் பேசினோம்!

ஆனால் யேசுதாசன் டியூபைக் கழற்றவில்லை. ஒட்டுப் போடும் டப்பாவையும் திறக்கவில்லை. நேராகக் குனிந்து, இரண்டு விரலால் வால்வைத் திருகி இறுக்கினான். பிறகு செல்வதாஸை ஒரு பார்வை பார்த்தான். அவருக்கு மூச்சு நன்றாகச் சீராகும்வரை மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம்தான் பம்பை எடுத்துக் காற்றடித்தான்.

செல்வதாஸுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"ஓட்டை... எங்கலே இருந்துச்சு?" என்றார் மெதுவாக.

யேசுதாசன் பம்பைச் சைக்கிளில் மாட்டினான்.

"எனக்கு எப்பவும் இருக்கும்லா, அதே இடத்துலதாண்ணே!"