கடித்துப் பார்த்த எலும்பு

மாப்பிள்ளை எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தார். விருந்து ஒன்றுமில்லை, அது கிட்டார் செய்யும் பட்டறை.

"நல்லா கடிங்க சார், கூச்சப்படாதீங்க," என்றார் பட்டறைக்காரர். "இப்ப இந்த பிளாஸ்டிக்கைக் கடிங்க. வித்தியாசம் தெரியுதா? பல்லு பொய் சொல்லாது."

கிட்டாரின் கழுத்து முனையில் கம்பிகள் ஏறி உட்காரும் சின்னத் துண்டு அது. மாமனார் நடத்தும் இசைப் பள்ளிக்கு ஒரு வகுப்பு நிறைய கிட்டார் வேண்டும். அந்தத் துண்டு எலும்பா, பிளாஸ்டிக்கா என்பதுதான் பேச்சு.

"பிளாஸ்டிக்னு சொல்லிட்டு வாங்க. வேற எதுக்கும் வாயைத் தொறக்காதீங்க," என்று மாமனார் சொல்லி அனுப்பியிருந்தார். வாயைத் திறக்காமல் இருப்பது மாப்பிள்ளைக்குக் கைவந்த கலை. பள்ளியில் செயலாளர் நாற்காலி கிடைத்ததே அதனால்தான்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு," என்று இழுத்தார் மாப்பிள்ளை. "நீங்களும் கடிச்சுத்தான் கண்டுபிடிப்பீங்களா?"

"எனக்கு நகமே போதும்." பட்டறைக்காரர் துண்டை நகத்தால் தட்டிக் காட்டினார். "மாட்டோட கால் எலும்பு சார். கொழுப்பு போக வேகவெச்சு, காயவெச்சு, அறுத்து, இழைச்சு எடுக்கறேன். உயிர் இருந்த பொருள்லதான் சத்தம் நிக்கும். பிளாஸ்டிக் வழியா வர்ற எந்தச் சத்தத்தையும் நான் நம்ப மாட்டேன்."

மாப்பிள்ளைக்குச் சிலிர்த்துவிட்டது. இத்தனை வருடம் தலையாட்டியே வாழ்ந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. உணர்ச்சி ஆறுவதற்குள் போனை எடுத்தார்.

"மாமா, எலும்புதான்."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?"

"சத்தத்தைக் கேட்டு, மாமா. உங்களுக்கு சிக்கனம் தெரியும், சங்கீதம் தெரியாது. பிளாஸ்டிக்கை பக்கெட்டோட நிறுத்திக்குங்க."



"ரொம்ப சந்தோஷம் மாப்பிள்ளை. நாளையிலேருந்து ஆபீஸ் பக்கம் வராதீங்க."

போன் அடங்கியது. வேலை போய்விட்டது, இன்று வீட்டில் மனைவி என்ன சொல்வாளோ தெரியவில்லை. ஆனாலும் முதுகு நிமிர்ந்தே இருந்தது. ஒரு உண்மைக்காக நாற்காலியை இழந்தவன் என்று பெயராவது மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று கண் கலங்கினார் பட்டறைக்காரர்.

அப்போது பட்டறைக்காரரின் மனைவி கையில் ஒரு சின்ன டப்பாவோடு உள்ளே வந்தாள். மாப்பிள்ளை இருப்பதை அவள் கவனிக்கவில்லை.

"இந்தாங்க, பல் டாக்டர் குடுத்துவிட்டாரு. வாயில இருக்கற பழைய செட்டைக் கழட்டுங்க, புதுசை மாட்டிப் பாக்கலாம்."

பட்டறைக்காரர் அவசரமாகக் கண்ணைக் காட்டினார். அவளுக்குப் புரியவில்லை.

"ஏன் முழிக்கறீங்க? நீங்க பிடிவாதமா கேட்ட மாதிரியே, இதுவும் பிளாஸ்டிக்தான்."