வளைவுப் பலகை

அந்த வளைவில் கருத்தப்பாண்டி பைக்கோடு விழுந்து செத்த பிறகுதான், 'அபாய வளைவு, மெதுவாகச் செல்லவும்' என்று ஒரு பலகையை நட்டார்கள்.

பலகைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. "நான் வந்ததுக்கப்புறம் ஒருத்தன் விழுந்தானா, சொல்லுங்கண்ணே?" என்று எதிரே நின்ற புளியமரத்திடம் தினமும் கேட்கும்.

"விழலைதான் தம்பி," என்று மரமும் ஒத்துக்கொள்ளும்.

ஒருநாள் காலை கருத்தப்பாண்டியின் கூட்டாளிகள் பசை வாளியோடு வந்தார்கள். அவனுக்கு முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. எல்லார் கண்ணிலும் படுகிற இடம் இதுதான் என்று, பலகையின் எழுத்தை மறைத்துப் போஸ்டரை ஒட்டினார்கள். கும்பிட்டுவிட்டு பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்கள்.

"அண்ணே, என் எழுத்து தெரியுதா?" என்று பதறியது பலகை.

"பாண்டி சிரிக்கிறதுதான் தெரியுது," என்றது மரம். "கீழே இன்னொரு படத்துக்கும் இடமிருக்கு."