ஊர்வலத்தில் பார்த்தது

"ஒண்ணு, யாரும் தொப்பியைக் கழட்டக் கூடாது. ரெண்டு, சாப்பாட்டுக்கு முன்னாடி மிட்டாய் கிடையாது. மூணு, கிலியனைத் தோள்ல ஏத்தாதே, உன் இடுப்பு தாங்காது. எங்க, திருப்பிச் சொல்லு" என்றாள் மௌரீன்.

பிரெண்டன் பள்ளிக்கூடப் பையனைப் போல ஒப்பித்தான்.

"மூணையும் காப்பாத்தினா மே மாசம் நாலு நாள் நீ மீன் பிடிக்கப் போலாம். இல்லேன்னா அந்த நாலு நாளும் நீ குழந்தைங்களோட வீட்டுல, நான் எங்க அக்கா வீட்டுல."

ஞாயிற்றுக்கிழமையும் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று அவள் முந்தின வாரமே சொல்லியிருந்தாள். நர்ஸ் உடுப்புக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

விஸ்கான்சினில் ஓர் ஏரி, ஒரு படகு, இரண்டு அண்ணன்கள். கடைக்குட்டி மேவ் பிறந்ததிலிருந்து மூன்று வருஷமாக பிரெண்டன் அந்தப் பக்கம் போகவில்லை. இந்த முறை விடுவதாக இல்லை. சிகாகோ நகரத்து பஸ்ஸில் தினமும் நூற்றுக்கணக்கானவர்களை ஏற்றி இறக்குகிறவனுக்கு, மூன்று பிள்ளைகள் ஒரு கணக்கா?

ஆனால் பஸ்ஸுக்குக் கதவு உண்டு. அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் ஊர்வலம் போகும் வெஸ்டர்ன் அவென்யூவுக்கு இல்லை.

போய் நின்ற பத்தாவது நிமிஷம், ஆறு வயது ரோரி தன் பச்சைத் தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் கன்றுக்குட்டி உயரத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு நாயின் தலையில் வைத்துவிட்டான். நாய்க்கு அது பிடித்துப்போயிற்று. திரும்ப எடுக்கப் போன பிரெண்டனைப் பார்த்து உறுமியது. கடிக்காது என்று நாய்க்காரர் சொன்னார். சொன்னவர் நாயின் வாயைக் கையால் பிடித்துக்கொண்டுதான் சொன்னார்.

அதற்குள் தீயணைப்பு வண்டி வந்தது. மேலே இருந்தவர்கள் மிட்டாயை வாரி இறைத்தார்கள். பிரெண்டன் குனிந்து பார்த்தபோது மேவின் வாயில் மூன்று மிட்டாய் இருந்தன. ஒன்று காகிதத்தோடு.

எட்டு வயது கிலியன் எதுவும் தெரியவில்லை என்று அரை மணி நேரம் முனகினான். முனகல் அழுகையாக மாறும் நேரத்தில் பிரெண்டன் அவனைத் தூக்கித் தோளில் வைத்தான். இடுப்பில் ஏதோ கடக்கென்றது.

மூன்றும் போயிற்று. இனி ஒரே வழி.

"இங்க பாருங்க" என்றான் மூவரிடமும். "இங்க பார்த்தது எதைப் பத்தியும் வீட்டுல வாயத் திறக்கக் கூடாது. எதைப் பத்தியுமே. புரியுதா?"

"என்ன தருவே?" என்றான் தோள்மேல் இருந்த கிலியன்.

ஆளுக்கு ஒரு பை மிட்டாய் என்று பேரம் படிந்தது. மிட்டாய் தின்றதை மறைக்க மிட்டாய்.

ஒரு விஷயத்தில் மட்டும் பிரெண்டனுக்கு நிம்மதி. பதினாறு வருஷமாகப் புனித பேட்ரிக் வேஷம் போட்டு ஊர்வலத்தில் நடந்தவர் அவனுடைய மாமனார். எதைப் பார்த்தாலும் மகளிடம் அப்படியே ஒப்பிப்பார். நல்லவேளையாக, ஜனவரிப் பனியில் வழுக்கி விழுந்து கட்டுப்போட்ட காலோடு வீட்டில் கிடக்கிறார். இந்த வருஷம் பங்குக் கோயிலிலிருந்து வேறு யாரோ நடக்கிறார்களாம்.

பேக்பைப் ஊதுகிறவர்களின் சத்தத்துக்குப் பின்னால் புனிதர் வந்தார். உச்சியில் கூர்த்தொப்பி, மார்பு வரை வெள்ளைத் தாடி, கையில் வளைந்த கோல். பச்சை அங்கி மட்டும் ஒரு முழம் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"இந்த வருஷம் புனிதரைத் தண்ணில நனைச்சுட்டாங்க போல, சுருங்கிட்டார்" என்றான் பிரெண்டன் நாய்க்காரரிடம்.

புனிதர் நின்றார். நேராக இவர்களிடம் வந்தார். நாயின் தலையிலிருந்து தொப்பியை எடுத்தார். நாய் வாலை ஆட்டியது. அதை ரோரியின் தலையில் காது வரை இழுத்து மாட்டினார். மேவின் கன்னத்தைத் தடவி, வாய்க்கு முன்னால் கையை நீட்டினார். அவள் சமர்த்தாக மிட்டாயைத் துப்பினாள். பிறகு கிலியனைப் பார்த்து ஒரு விரலை ஆட்டினார். அவன் சரசரவென்று தோளிலிருந்து இறங்கிவிட்டான். அப்பா சொல்லி அவன் ஒரு நாளும் எதிலிருந்தும் இறங்கியதில்லை.

கடைசியாகப் புனிதர் பிரெண்டனை ஏற இறங்கப் பார்த்து, சிலுவை போட்டு ஆசீர்வதித்துவிட்டு நடந்தார். மேவ் அவர் போன திசையில் கையை நீட்டி ஓவென்று அழுதாள். தாடியைப் பார்த்து பயம் என்று பிரெண்டன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேசியபடி மூன்று பைகள் வாங்கிக் கொடுத்தான்.

நாலு மணிக்கு நர்ஸ் உடுப்போடு மௌரீன் வந்தாள். எல்லாரும் சோடா ரொட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"தொப்பி?" என்றாள்.

"தலைய விட்டு இறங்கல."

"மிட்டாய்?"

"கண்ணால பார்க்கல."

"தோள்?"

"உனக்கு சந்தேகமா இருந்தா பிள்ளைங்களக் கேளு."

அவள் ஒவ்வொருவராகக் கேட்டாள். ரோரி கூரையைப் பார்த்தான். கிலியன் ரொட்டியைப் பார்த்தான். இருவரும் பேரத்தைக் காப்பாற்றினார்கள். பிரெண்டனுக்கு ஏரித் தண்ணீரின் வாசனையே வந்துவிட்டது.

மேவ் அம்மாவின் மடியில் ஏறி, முகவாயைத் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, தாடி எங்க?"

"கார்ல இருக்குடி கண்ணு. தண்ணி பட்டா சுருங்கிடுமாம்" என்றாள் மௌரீன், பிரெண்டனை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பிரெண்டன் மெதுவாகப் பெரியவன் பக்கம் திரும்பினான்.

"எனக்கு அங்கயே தெரியும்பா" என்றான் கிலியன். "நீதானே சொன்ன, அங்க பார்த்தது எதைப் பத்தியும் வாயத் திறக்கக் கூடாதுன்னு."