உள்வாங்கல்

நான் ஓய்வு பெற்றதே ஸ்மார்ட் போர்டுக்குள் இருந்தபடிதான். மாலையைக்கூட போர்டுக்குத்தான் போட்டார்கள். எல்லாம் இசக்கியப்பன் வந்த நாளில் ஆரம்பித்தது. வகுப்பறையில் தொழில்நுட்பம் எப்படிப் பயன்படுகிறது என்று மதிப்பெண் போட வந்த அதிகாரி அவர். ‘தொழில்நுட்பத்தை ஆசிரியர் உள்வாங்கினாரா?’ என்று இருக்கவேண்டிய கேள்வி, அவருடைய டேப்லெட்டில் ‘ஆசிரியரைத் தொழில்நுட்பம் உள்வாங்கியதா?’ என்று இருந்தது. மனுஷர் படித்தால்தானே! ‘முழுமையாக’ என்பதை அழுத்திவிட்டார். போர்டு என்னை லபக்கென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கண்ணாடியில் மூக்கு நசுங்க, ஊரே அதிரும்படி தட்டினேன். பிள்ளைகள் பதிலுக்குக் கைதட்டினார்கள்.

“வீடியோ பிரமாதம்! வாத்தியார் எங்கடே, பாத்ரூம் போயிட்டாரா?” என்றபடி இசக்கியப்பன் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். அணைத்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது.

“வே இசக்கி, கைய எடும்! சட்டைப் பித்தான மாத்திப் போட்டுட்டு வந்திருக்கீரே, இது வீடியோவுக்குத் தெரியுமாவே?”

குனிந்து சட்டையைப் பார்த்தார். விரல் சுவிட்சிலிருந்து மெல்ல விலகியது.

“நெசமாவே உள்ளதான் சார் இருக்கீரு, ஒத்துக்கிடுதேன்,” என்றார். “ஆனா மார்க்கு மேலிடத்துக்குப் போயிட்டுதே. இனி மாத்த முடியாதே.”