வலப்பக்கம் பார்க்கும் மூக்கு

எரிபொருள் டேங்கைக் காதருகே வைத்து ஆட்டினார்.

டொக். டொக்.

உள்ளே ரப்பர் குழாயின் நுனியில் ஒரு பித்தளைக் குண்டு. விமானம் தலைகீழானாலும் எரிபொருள் இருக்கும் பக்கம் தேடிப் போய் விழும். சமர்த்து.

டேங்கை ஸ்பாஞ்சில் சுற்றி விமானத்தின் மூக்குக்குள் திணித்தார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுகிற சின்ன மாதிரி விமானம். உடம்பும் இறக்கையும் அவர் மனைவி செய்தது. எஞ்சின் மாட்டுவதற்குள் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளோடு விமானம் விடுகிற கூட்டாளிகள் எல்லாரும் மைதானத்துக்கு வருகிறார்கள். அது பறந்தாக வேண்டும்.

காரியமெல்லாம் முடிந்தும் அவர் அழவில்லை. சொந்தக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர்களுக்காகவே உட்கார்ந்து ஒரு கூடை வெங்காயம் நறுக்கினார். பக்கத்து வீட்டில் மூன்று பேர் அழுதார்கள். எதிர்வீட்டு நாய்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இவருக்கு ஒன்றும் வரவில்லை.

எஞ்சினை மூக்குப் பலகையில் பொருத்திப் பின்னாலிருந்து பார்த்தார்.

கோணல்.

ஒரு நூல் அளவு வலப்பக்கம் திரும்பியிருந்தது.

அவள் வேலை என்றைக்கும் அப்படித்தான். காலண்டர் மாட்டினால் கோணல். கல்யாணப் படத்திலேயே தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கும். காலமெல்லாம் லேத் பட்டறையில் நின்ற மனுஷனுக்குப் பொறுக்குமா? படத்தின் சட்டத்தையே சாய்த்து மாட்டி அவளை நேராக்கினார். அன்றிலிருந்து மாப்பிள்ளைதான் மணமேடையிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறார். இன்னும் தரைக்கு வந்து சேரவில்லை.

வலப்பக்கத்துத் திருகாணிகளுக்கு வாஷர் கொடுத்தார். எஞ்சின் நேரானது.

மைத்துனன் சென்னியப்பன் எட்டிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டப்போவது அவன்தான்.

"அட மாமா, வாஷரைக் கழட்டுங்க! அது கோணலில்லீங்க. அக்கா அளந்து வெச்சது. எஞ்சின் முடுக்குனா பிளேன் இடப்பக்கமே இழுக்கும். மூக்கு கொஞ்சம் வலப்பக்கம் பாத்தாத்தான் நேராப் போகும்."

"தெரிஞ்சேவா வெச்சா?"

"பின்னே? நீங்க வந்து நிமித்தீருவீங்கன்னும் சொல்லுச்சு."



வாஷர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எஞ்சின் பழையபடி வலப்பக்கம் பார்த்தது. இறுக்கினார்.

பிறகு எழுந்து கூடத்துக்குப் போனார்.

கல்யாணப் படத்தின் சட்டத்தைப் பிடித்து மெதுவாக நேராக்கினார்.

மாப்பிள்ளை நிமிர்ந்து நின்றார்.

அவள் தலை வலப்பக்கம் சாய்ந்தது.

அந்தப் பக்கம் அவர் தோள் இருந்தது.